திருவேங்கடம் ஸ்டோர் சுவரில் ஏறிய கை

சாத்தங்குறிச்சிக் கடைவீதிச் சுவர்களில் கைகள் ஏறத் தொடங்கியது ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் வங்கியிலிருந்து ஒருவர் வந்து, திருவேங்கடம் ஸ்டோரின் கல்லாவுக்குப் பக்கத்தில் சோப்புக்கட்டி அளவில் கறுப்பாக ஒரு மெஷினை வைத்து, இனிமேல் யாரும் யாரிடமும் எதையும் நீட்ட வேண்டாம், ஃபோனை இதன் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும், ஃபோனுக்குள் இருக்கிற பர்ஸ் தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காசு கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் போகிறது என்பதையே நம்பிவிட்ட ஊருக்கு, அப்படிப் போகிற காசின் பின்னாலேயே கொடுத்தவரின் கையும் போய் எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது என்பது அப்படியொன்றும் பெரிதாகப் படவில்லை.

முதலில் ஃபோனைக் காட்டியவள் வடிவு. முழுப்பெயர் சுடலைவடிவு. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினெட்டு வருஷமாக அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதல் ஊசி போட்ட கை அவளுடையது. வடிவு சிஸ்டர் குத்தினால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று பெயர். வடக்குத் தெருவும் தேரடித் தெருவும் அவள் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும். திருவேங்கடமே மாதத்துக்கு ஒருமுறை மூட்டு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்து, வேட்டியைத் தளர்த்திக்கொண்டு கூச்சமில்லாமல் திரும்பி நிற்பார். ஆஸ்பத்திரியில் இடுப்பைக் காட்டுகிற மனிதர் கடையில் அவளுக்குக் கையை நீட்டமாட்டார், அதுதான் சங்கதி.

வடிவு இருப்பது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில். கடையைத் திறந்ததும் நடக்கிற முதல் வியாபாரம், அதாவது போணி, யார் கையால் ஆகிறதோ அந்தக் கையின் ராசிதான் அன்றைக்குப் பூராவும் கடையில் நிற்கும் என்பது வீதியின் கணக்கு. அந்த முதல் நோட்டை வாங்கி, தராசில் ஒற்றி, கண்ணில் ஒற்றி, அப்புறம்தான் கல்லாவில் போடுவார்கள். காலனிக் கை போணிக்கு ஆகாது. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "இன்னும் போணி ஆகலம்மா, சித்த நேரம் செண்டு வா" என்பார்கள், அவ்வளவுதான். வடிவின் அம்மா மாடத்தி கால் கிலோ பருப்புக்காக எதிர்ச் சிறகில், அதாவது வீதியின் அந்த ஓரத்தில், வெயிலில் நிற்பாள்; வேறு யாராவது வந்து ஒரு தீப்பெட்டியாவது வாங்கிக்கொண்டு போகட்டும் என்று நிற்பாள்; போனதும் வீதியைக் கடந்து வந்து காசைப் படியில் வைப்பாள். மாடத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். வடிவு நர்ஸ் ஆனதும் 'வா' என்பது 'வாங்க' ஆயிற்று, படியில் வைக்கிற காசு கல்லாப் பலகைக்கு ஏறிற்று, போணி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு டூட்டிக்குப் போகிற வழியில், பழக்கத்தில் எதிர்ச் சிறகில் நின்றுகொண்டிருந்தவளைத் திருவேங்கடம் கை தட்டிக் கூப்பிட்டார்.

"என்ன சிஸ்டர் அங்கன நிக்கீங்க? வாங்க, வாங்க."

"போணி ஆயிட்டா அண்ணாச்சி?"

"அதுக்கு என்ன இப்பம்? ஃபோனுதான இது. மெஷின்ல காட்டுங்க. தொடவே வேண்டாம் பாத்துக்கிடுங்க. ரொம்ப சௌகரியம்லா!"

அவள் அரை கிலோ ரவை வாங்கி ஃபோனைக் காட்டினாள். மெஷின் 'டிங்' என்றது. திருவேங்கடம் வாயெல்லாம் பல்லாக நின்றார். வடிவுக்கு மட்டும் அந்தத் 'தொடவே வேண்டாம்' தொண்டையில் மீன் முள்ளாக மாட்டிக்கொண்டது. சௌகரியம்தான், யாருக்குச் சௌகரியம்? இந்த மனுஷன் மெஷினை ஊருக்காக வாங்கினாரா, என் கைக்காக வாங்கினாரா?

அவள் போய் ஒரு மணி நேரம் கழித்து, இன்னும் ஏழெட்டுப் பேர் ஃபோனைக் காட்டிவிட்டுப் போன பிறகு, கல்லாவுக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரில், திருவேங்கடம் நாற்காலியில் உட்கார்ந்தால் சரியாகக் கண்ணுக்கு நேரே வருகிற இடத்தில், ஈரக்கையை வைத்து எடுத்த மாதிரி ஒரு கைத்தடம் தெரிந்தது. அவர் துண்டால் துடைத்தார், போகவில்லை. மத்தியானத்துக்குள் அது காய்ந்த மஞ்சளின் நிறத்துக்கு வந்து, பக்கத்தில் இன்னும் பத்துத் தடங்களும் சேர்ந்துகொண்டன. பெரிது, சிறிது, மோதிரம் போட்டது, சுண்டுவிரல் வளைந்தது. சாயங்காலம் பெயின்டரைக் கூப்பிட்டு இரண்டு கோட்டிங் அடித்தார். பெயின்டர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் கைகள் பெயின்டுக்கு மேலே ஏறி வந்துவிட்டன. பெயின்டர் தன் கூலியை ஃபோன் வழியாக வேண்டாம், ரொக்கமாகவே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் வீதியில் பாதிக் கடைகளுக்கு மெஷின் வந்தது, மெஷின் வந்த கடைக்கெல்லாம் கையும் வந்தது. ஊர் இதன் சட்டதிட்டங்களைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. ஒருவருக்கு ஒரு கடையில் ஒரு கைதான். மறுபடி மறுபடி வாங்கினால் அதே கை கறுக்கும். எந்தக் கை யாருடையது என்று சுவர் சொல்லாது, ஆனால் தடத்தின் மேல் சொந்தக்காரர் தன் கையை வைத்தால் அந்த இடம் லேசாகச் சுடும். இந்தக் கடைசிச் சங்கதி தெரிந்த நாளிலிருந்து சாத்தங்குறிச்சியில் நிம்மதி போயிற்று. மாலை போட்டு விரதம் இருந்த ஒரு சாமியின் கை பிரியாணிக் கடைச் சுவரில் சுட்டது. அடகுக் கடையில் மருமகளின் கையைக் கண்டுபிடித்த மாமியார், அப்போதே பீரோவைத் திறந்து பார்க்க ஓடினாள். வெளியூரில் கல்யாணம் என்று சொல்லிப் போன புருஷன்மார்களின் மணிக்கட்டைப் பிடித்துப் பெண்கள் கடை கடையாக இழுத்துப் போய்ச் சுவரில் வைத்துப் பார்த்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து எல்லாச் சுவர்களையும் படம் பிடித்தார். ஜவுளிக்கடைச் சுவரில் தன் சம்சாரத்தின் கை அடுப்புக்கரியாகக் கறுத்திருந்ததைப் பார்த்துவிட்டு வழக்கு எதுவும் எழுதாமல் போய்விட்டார். எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள், ஆனாலும் ஃபோனை விட்டுவிடவில்லை, ஏனென்றால் சில்லறைக்கு அலைவதைவிடச் சந்தேகத்தோடு வாழ்வது லேசாக இருந்தது.

வடிவின் சந்தேகம் வேறு ஜாதி. அவள் திருவேங்கடத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ரூபாய் நோட்டை நீட்டினால் அந்தக் கை விரிந்து வாங்கிக்கொண்டது. பூக்காரம்மா சில்லறையைக் கொட்டினால் குழித்து வாங்கிக்கொண்டது. ஒருநாள் வேண்டுமென்றே ஒன்பது மணிக்கு, போணி முடிந்து நாலு பேர் வந்துபோன பிறகு, வடிவு ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினாள்.

"சில்லறை இல்லையே சிஸ்டர். ஃபோன்ல காட்டிருங்களேன்."

கல்லா திறந்திருந்தது. சில்லறை டப்பா நிரம்பியிருந்ததை அவளும் பார்த்தாள், அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். அவள் ஃபோனைக் காட்டிவிட்டு வெளியே வந்தாள். அவமானம் என்று சொன்னால் சின்ன வார்த்தை.

வீட்டுக்காரர் தர்மர், டிராக்டர் மெக்கானிக், சந்தேகப்படத் தெரியாத மனுஷன். "சும்மா கெட. அந்தாளு எல்லாரையும் மெஷின்லதான் காட்டச் சொல்லுதாரு. ஒனக்கு மட்டுமா?" என்றார்.

"எனக்கு மட்டுந்தான் சிரிச்சிக்கிட்டே சொல்லுதாரு."

"சிரிச்சா தப்பா?"

"நாப்பது வருசமாச் சிரிக்காதவரு சிரிக்காருன்னா, அவருக்கு ஏதோ ஒரு தொல்லை விட்டுச்சின்னு அர்த்தம். அந்தத் தொல்லை நாந்தானான்னு எனக்குத் தெரியணும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் கையிலேர்ந்து அவரு கையில போணி வாங்கணும். அப்பந்தான் நம்புவேன்."

தர்மர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இதற்குள் திருவேங்கடம் ஸ்டோர் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. மெஷின் ஓடத் தொடங்கிய முதல் நாள் அரிசி மூட்டையே மிச்சமில்லை; மறுநாளும் அப்படி; அதற்கடுத்த நாளும் அப்படி. அவர் யோசித்துப் பார்த்தார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணில் படுவது அந்த நடுக் கை. போணி நோட்டைக் கண்ணில் ஒற்றி வளர்ந்தவருக்கு, நோட்டு இல்லாத காலத்தில் ஒற்றிக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. ஒருநாள் எழுந்து போய் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று எண்ணெய் டின் நாற்பது போயிற்று. அவ்வளவுதான், மறுநாள் அதற்குச் சந்தனம் வைத்தார், வெள்ளிக்கிழமை மல்லிகைச் சரம் தொங்கிற்று, அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்தார்கள்.

பொண்ணு பார்க்கப் போகிறவர்கள் வந்து தொட்டுக்கொண்டு போனார்கள். புது ஆட்டோ வாங்கினவர் தொட்டுவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்துத் தொடவைத்தார்கள். பிள்ளையில்லாத ஒரு அம்மாள் தன் வயிற்றில் ஒற்றிக்கொண்டு அழுதாள். வடக்குத் தெருவிலிருந்து, தேரடித் தெருவிலிருந்து, ஐந்து மைல் தள்ளி இருக்கிற ஊர்களிலிருந்தெல்லாம் வந்து, ஆறு மணிக்கே வரிசை கட்டி, தொட்டு, கண்ணில் ஒற்றி, நெற்றியில் ஒற்றி, நெஞ்சில் ஒற்றிக்கொண்டு போனார்கள். யாருடைய கை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்பாள் கை என்றார்கள் சிலர். அம்பாளுக்கு ஏது ஃபோன் என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர்.

வடிவுக்குத் தெரிந்தது. சந்தனம் வைப்பதற்கு முன்னாலேயே ஒருநாள் புளி வாங்கும்போது எட்டிப் பார்த்துவிட்டாள். உள்ளங்கையில் குறுக்காக, மோதிர விரலுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு கீறல். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊசி மருந்துக் குப்பியை உடைக்கும்போது கண்ணாடி கிழித்து நாலு தையல் போட்ட தழும்பு. தன் கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தர்மரிடம்கூடச் சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு குணம், கையில் கிடைத்ததை உடனே காட்டிவிடமாட்டார்கள், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கடைசிவரைக்கும் பார்ப்பார்கள். தினமும் காலையில் எதிர்ச் சிறகில் நின்று, தன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனால் அழுகை வந்தது.

புரட்டாசி கடைசியில் நகைக்கடை சின்னமணி ஒரு யோசனை சொன்னார். தேரடியில் அவர் புதுக்கடை திறக்கப் போகிறார். அந்தக் கைக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துப் பட்டுச் சேலையோ வேட்டியோ எடுத்துக் கொடுத்து, அவர் கையால் போணி பண்ணச் சொல்ல வேண்டும். திருவேங்கடம் உடனே சம்மதித்தார். மெஷின் ஓடத் தொடங்கிய முதல் நாள் யார் யார் வந்தார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்து, வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பினார். மூன்று நாள் கடை முன்னால் திருவிழாதான். வடக்குத் தெரு ஆட்கள் குளித்து, பவுடர் பூசி வந்து கையை வைத்துப் பார்த்தார்கள். யாருக்கும் சுடவில்லை. தேரடித் தெரு வந்தது, சந்தைப்பேட்டை வந்தது. பூக்காரம்மாவுக்குச் சுட்ட மாதிரி இருந்து, பிறகு அது வெயில் பட்ட சூடு என்று தெரிந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வடிவு கடைக்குப் போய், "என்னையக் கூப்பிடலியே அண்ணாச்சி? அன்னைக்கு நானும் ரவை வாங்குனேம்லா" என்றாள், குரலில் ஒன்றும் இல்லாமல்.

திருவேங்கடம் அவளைப் பார்க்காமல் வெல்லத்தை நிறுத்தார். "உங்க கை எதுக்கு சிஸ்டர்? அது ஊசி போடுத கை. இது ராசியான கை. நம்ம பக்கத்து ஆளு யாரோதான். கெடச்சிருவாவ."

"நம்ம பக்கம்னா எந்தப் பக்கம்?"

"ஃபோனைக் காட்டுங்க சிஸ்டர், நேரமாகுது."

அவள் ஃபோனைக் காட்டவில்லை. வெல்லத்தை வாங்காமலே திரும்பினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடை திறக்கிற நேரத்துக்கு வடிவு வந்துவிட்டாள். எதிர்ச் சிறகில் நிற்கவில்லை, நேராகப் படி ஏறினாள். வாசலில் தொடுகிற வரிசையில் அதற்குள் இருபது பேர், முன்னால் சின்னமணி. கடைக்குள்ளே ஷாம்பு பாக்கெட்டும் பாக்கும் சரம் சரமாகத் தொங்கி, உள்ளே நடப்பது வெளியே தெரியாதபடி மறைத்திருந்தன. அவள் சரங்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய் நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.

"ஒரு கிலோ சீனி. கையில வாங்குங்க அண்ணாச்சி."

"மெஷின் இருக்கேம்மா."

"மெஷின் வேண்டாம்."

அவர் முகம் மாறிற்று. பழைய குரல் வந்தது. "இன்னும் போணி ஆகலம்மா. சித்த நேரம்..."

அவர் முடிப்பதற்குள் வடிவு வழியை அடைத்திருந்த பலகையைத் தூக்கிவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் போய், மல்லிகைச் சரத்தை ஒதுக்கி, சந்தனத்தின் மேலேயே தன் வலது கையை வைத்தாள். விரலுக்கு விரல், ரேகைக்கு ரேகை, தழும்புக்குத் தழும்பு சரியாக உட்கார்ந்தது. சுடுவதென்றால் சாதாரணச் சூடு இல்லை, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. தடம் ஈரமாகி, சந்தனம் கரைந்து, அவள் விரல்களுக்கு நடுவில் வழிந்தது. திருவேங்கடம் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றரை மாதமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டது எது என்று அவருக்கு அப்போது தெரிந்தது. அவர் கை தானாகத் தன் கண்ணிமையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"இப்பம் வாங்குங்க" என்றாள் வடிவு.

அவர் வாங்கினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கையில்லை, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். அவள் தாளை வைத்தாள், அவருடைய உள்ளங்கை அவள் விரலில் பட்டது, சொரசொரவென்று, வெல்லப் பிசுக்கோடு, எல்லா மனுஷர் கையையும் போலத்தான் இருந்தது. அவர் தாளைத் தராசில் ஒற்றினார், கண்ணில் ஒற்றினார். எதிர்ச் சிறகு வெயிலில் நின்ற மாடத்தியின் முகம் வடிவுக்கு நினைவில் வந்தது. இவ்வளவு நாள் நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று ஒரு கணம், முழுதாக ஒரு கணம், அவள் தன் சந்தேகத்தையே சந்தேகப்பட்டாள்.

திருவேங்கடம் சரங்களுக்கு வெளியே ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"யார் கைன்னு மட்டும் வெளிய தெரியாண்டாம் சிஸ்டர். ஒங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. வெள்ளிக்கெழம தோறும் கடை திறக்கதுக்கு முன்னால பின்வாசல் வழியா வந்திருங்க. நீங்களே போணி பண்ணுங்க, நான் கையிலயே வாங்கிக்கிடுதேன். சீனிக்குக் காசுகூட வேண்டாம்."

பின்வாசல் என்ற சொல் அவள் காதில் விழுந்ததும் அந்த ஒரு கணம் முடிந்துவிட்டது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை நாள் தேடின பதில் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு மெதுவான குரலில் இருந்ததே என்றுதான் இருந்தது. ஷாம்பு பாக்கெட் சரங்களை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து, அறுந்தாலும் அறுந்து போகட்டும் என்று ஒரே இழுப்பாக இழுத்து ஒதுக்கினாள். வாசல் முழுக்கத் தெரிந்தது. அவள் வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். சந்தனம் முழங்கைவரைக்கும் வழிந்திருந்தது.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க. நீங்க தேடுத கை இதுதான். நான் சுடலைவடிவு, மாடத்தி மக. எங்க வீடு காலனியில. திருவேங்கடம் அண்ணாச்சி இன்னைக்கு என் கையிலதான் போணி வாங்கியிருக்காரு, தராசுல ஒத்திருக்காரு, கண்ணுல ஒத்திருக்காரு. சந்தேகம் இருக்கவங்க வந்து கேட்டுக்கிடுங்க."

இருபது பேரும் தங்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அந்தக் கை எங்கெங்கே பட்டது என்று நினைத்துப் பார்க்கிறவர்கள் மாதிரி: கண்ணில், நெற்றியில், பிள்ளையின் தலையில், தாலியில், பூட்டுச் சாவியில். ஒன்றரை மாதமாக அந்தக் கை ஊரில் தொடாத இடம் இல்லை. துடைத்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்றால் எதிலிருந்து ஆரம்பிப்பது? சின்னமணி வரிசையை விட்டு மெதுவாக நகர்ந்தார். அவரோடு ஏழெட்டுப் பேர் நகர்ந்தார்கள். வயிற்றில் ஒற்றிக்கொண்டு போன அந்த அம்மாள் நகரவில்லை. அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. "அதான் அந்தக் கை ஊசி போட்டா வலிக்காதுன்னு சொல்லுதாவ" என்று யாரிடமோ சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டாள். மற்றவர்கள் போவதா நிற்பதா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். திருவேங்கடம் நூறு ரூபாய்த் தாளைக் கல்லாவில் போடவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

வடிவு படி இறங்கினாள். யார் போனார்கள், யார் நின்றார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் பாத்திரக் கடையின் ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. அதன் முன்னால் போய் முதல் ஆளாக நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பாத்திரக் கடைக்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். வீதி இப்படி அமைதியாக இருப்பது ஏன் என்று புரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, இந்நேரத்துல?"

"ஒரு டம்ளர் வேணும்" என்றாள் வடிவு, தாளை நீட்டிக்கொண்டு. "கடையத் தொறங்க. மொதப் போணி நாந்தான். கைய நீட்டி வாங்கணும்."